ஒரு கல்லறை, மூன்று கடற்படைத் தரங்கள்

எங்கட திருமலையில் எஸ்பிளனேட் பக்கத்துப் பழைய சேமக்காலையில், நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் ஒரே தம்பி, பிரித்தானியக் கடற்படை அதிகாரி சார்ல்ஸ் ஆஸ்டினின் கல்லறை இருக்கிறது. கொழும்பிலிருந்து வந்த உறவுக்காரருக்குக் காட்டவென்று அரைப் பக்கக் குறிப்பு எழுதப்போய் மாட்டிக்கொண்டேன். அவருடைய தரம் என் பழைய கொப்பியில் 'கப்டன்'. ஒரு பிரசுரத்தில் 'ரியர் அட்மிரல்'. இன்னொன்றில் 'அட்மிரல் ஒஃப் த ஃப்ளீட்', அதாவது கடற்படையின் ஆக உயர்ந்த தரம். பெரியதையே போட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், வெட்கம்தான்.

"மாமா, எது எந்த வருசத்துத் தரம் எண்டு பார்த்தீங்களோ?" என்று கேட்டாள் மருமகள்.

ஒவ்வொன்றுக்கும் நேரே பென்சிலால் வருசம் போட்டேன். 1810இல் கப்டன். 1846 நவம்பர் 9இல் ரியர் அட்மிரல். அந்தக் காலத்தில் கப்டன் பட்டியலில் மூப்பு வந்தால்தான் அந்த உயர்வு. 1850இல் கிழக்கிந்திய, சீனக் கடற்பிராந்தியத் தளபதி. இது பதவி, தரமல்ல. இந்த இரண்டையும் கலந்தால் குழப்பம் தொடங்கிவிடும். 1852 ஒக்டோபர் 7இல், பர்மாப் போர் நேரம், ஐராவதி ஆற்றில் 'புளூட்டோ' கப்பலில் கொலராவில் இறந்தார். அப்போதும் ரியர் அட்மிரல்தான்.

அப்படியானால் மூன்றாவது? அது அண்ணன் பிரான்சிஸ் ஆஸ்டினுடையது. அவருக்கு அது கிடைத்தது 1863இல், தம்பி இறந்து பத்தரை வருசம் கழித்து! குடும்பப் பெயரை மட்டும் பார்த்து யாரோ ஒட்டியிருக்க வேண்டும்.

கொப்பியில் 'கப்டன்' என்பதை நான் அழிக்கவில்லை. பக்கத்தில் 1810 என்று எழுதி வைத்தேன்.