ஹெர்பிஸ் வைரஸ் புரதம்: விடைத்தாளில் வரும் தவறுகள்

தண்டையார்பேட்டையில் சாயந்திரம் உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். ஹெர்பிஸ் வைரஸ் பற்றிக் கேட்டால் பல விடைகள் இப்படித்தான் தொடங்கும்: "வைரஸ் செல்லுக்குள் நுழைந்து தன் புரதங்களைத் தயாரிக்கிறது." தயாரிப்பது வைரஸ் இல்லை. அதனிடம் புரதம் கட்டும் இயந்திரமான ரைபோசோமே கிடையாது. எம்.சி. ரோடு பக்கத்துத் தையற்கடைப் பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடும்: டிசைன் மட்டும்தான் வெளியாளுடையது, மெஷின், நூல், தைக்கிற ஆள், கரண்ட் பில் எல்லாம் கடைக்காரர் கணக்கு.

அப்புறம், இடத்தை மாற்றி எழுதுவது. வைரஸின் டி.என்.ஏ உட்கருவுக்குள் போகிறது, அங்கே நம் செல்லின் ஆர்.என்.ஏ பாலிமரேஸ் 2 என்ற நொதி அதைத் தூதுவ ஆர்.என்.ஏவாக (புரதத்துக்கான குறிப்பைச் சுமக்கும் நகல்) படியெடுக்கிறது. புரதம் உருவாவதோ உட்கருவுக்கு வெளியே, சைட்டோபிளாசத்தில். வைரஸின் உள் ஓடு உட்கருவில் கட்டப்படுவதால் புரதமும் அங்கேயே உருவாகிறது என்று எழுதிவிடுகிறார்கள். ஓட்டுக்கான புரதங்கள் வெளியே உருவாகித் திரும்ப உள்ளே போகின்றன.

மதிப்பெண் அதிகம் போவது வரிசையில். எல்லாப் புரதமும் ஒரே நேரத்தில் வராது. உதட்டுப் புண் தரும் ஹெச்.எஸ்.வி. 1-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அது வெறுங்கையோடு வருவதில்லை. விபி16 என்ற புரதத்தைக் கூடவே கொண்டு வருகிறது. அது நம் செல்லின் ஆக்ட்-1, ஹெச்.சி.எஃப்-1 புரதங்களோடு சேர்ந்து முதல் தொகுதி ஜீன்களை முடுக்கிவிடும். அந்தத் தொகுதியின் புரதங்கள் இரண்டாம் தொகுதியைத் திறக்கும்; டி.என்.ஏ பாலிமரேஸ், தைமிடின் கைனேஸ் என்ற நொதிகள் அதில் அடங்கும். ஓடு, வெளியுறைப் புரதங்கள் பெரும்பாலும் டி.என்.ஏ நகலெடுப்பு தொடங்கிய பிறகே. வைரஸ் கூடவே கொண்டுவரும் இன்னொரு புரதம் நம் தூதுவ ஆர்.என்.ஏக்களை வெட்டிப்போடுகிறது. வைரஸின் சொந்த ஆர்.என்.ஏவையும் அது விட்டுவைக்காது. என் கண்ணுக்கு இந்தப் பாடத்திலேயே சுவாரசியமான இடம் இதுதான்.

"எப்போதும் புரதம் செய்துகொண்டே இருக்கும்" என்பதும் தவறு. இந்த வைரஸ் நரம்பு செல்லில் வருஷக்கணக்கில் வாயை மூடிக்கொண்டு கிடக்கும். ராயபுரத்துப் பெரியம்மாவுக்கு விலாவில் அக்கி வந்தபோது, எதிர்வீட்டுப் பையனின் அம்மை ஒட்டிக்கொண்டது என்றார். இல்லை. சின்ன வயதில் அவருக்கே வந்த சின்னம்மையின் வைரஸ், இதே குடும்பம், விழித்துக்கொண்டது. கொசப்பேட்டையில் குயவரிடம் காவியால் அக்கி எழுதிக்கொண்டார். யாரோ சொன்னதைக் கேட்டு அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும் விழுங்கினார். அந்த மாத்திரை பாக்டீரியாவின் ரைபோசோமை முடக்குவது. இங்கே வேலை செய்வது நம் ரைபோசோம்!

வைரஸுக்கு எதிரான அசைக்ளோவிர் மருந்து வேறு வழியில் போகிறது. இரண்டாம் தொகுதியில் வந்த தைமிடின் கைனேஸ்தான் அந்த மருந்தை முதலில் முடுக்குகிறது. அதனால் பெரும்பாலும் வைரஸ் புகுந்த செல்லில்தான் அது வேலை செய்யும், வைரஸ் டி.என்.ஏ நகலாவதைத் தடுக்கும். கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்கச் சொல்வது நகலெடுப்பு மும்முரமாக நடக்கும்போதே பிடிக்கத்தான். பெரியம்மா டாக்டரிடம் போனது ஆறாம் நாள். புண் ஆறிவிட்டது, விலா எரிச்சல் ஆடி மாதம் வரை போகவில்லை.