சிங்கப்பூருக்குப் புதிதாக வருகிறீர்களா? முதல் வருஷத்துக்குத் தேவையானவை

ரூபாய் நோட்டு மாதிரியே இங்கத்து நோட்டிலும் தமிழ் இருக்கும், எம்ஆர்டி ரயில் நிலையப் பலகையில் தமிழ் இருக்கும், லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா சந்தையில் முருங்கைக்கீரைக்கு தமிழிலேயே பேரம் பேசலாம். அதனால் ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே "இது நம்ம ஊர்தான்" என்ற தைரியம் வந்துவிடுகிறது. தைரியம் நல்லதுதான். ஆனால் இங்கே எந்தக் காரியமும் வாய்ப்பேச்சில் நடப்பதில்லை, தாளில்தான் நடக்கும். "அதெல்லாம் பாத்துக்கலாம் தம்பி" என்று யாராவது சொன்னால், அவர் உங்கள் ஜில்லாக்காரராகவே இருந்தாலும், எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

முதல் தாள் நீங்கள் கிளம்புவதற்கு முன்பே கைக்கு வந்துவிடும். அதுதான் ஐபிஏ கடிதம், அதாவது வேலை அனுமதிக்கான கொள்கை அளவிலான ஒப்புதல். அதில் என்ன வேலை, என்ன சம்பளம், எவ்வளவு பிடித்தம் எல்லாம் இருக்கும். ஏஜென்ட் வாயால் சொன்ன தொகையும் கடிதத்தில் உள்ள தொகையும் வேறு வேறாக இருந்தால் ஊரிலேயே நின்று கேளுங்கள், விமானம் ஏறிய பிறகு கேட்டுப் பெரிய பிரயோசனம் இல்லை. சிங்கப்பூரில் உரிமம் பெற்ற ஏஜென்சி உங்களிடம் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு வரம்பு உண்டு: ஒப்பந்தத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம், எப்படிப் போனாலும் மொத்தம் இரண்டு மாதத்துக்கு மேல் கூடாது. ஊரில் இருக்கும் ஏஜென்ட்டுக்கு இந்த வரம்பு பொருந்தாது, லட்சக்கணக்கில் கரைவது அங்கேதான். அப்புறம், முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டும் லெவியை உங்கள் சம்பளத்தில் பிடிப்பதும், வேலை கொடுத்ததற்கோ பெர்மிட் புதுப்பிப்பதற்கோ உங்களிடம் பணம் கேட்பதும் சட்டப்படி குற்றம். மனிதவள அமைச்சில் புகார் செய்யலாம். தயங்கவே வேண்டாம்.

வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் எஸ்ஜி அரைவல் கார்டு என்ற குடிநுழைவுப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். காசு கேட்கும் இணையத்தளம் எதுவானாலும் அது அரசாங்கத்துடையது அல்ல.

பெட்டி கட்டும்போது அம்மாவிடம் ஒன்று சொல்லிவிடுங்கள், குருமாவுக்கென்று கசகசா பொட்டலம் வைக்க வேண்டாம். இங்கே அது போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் தடைப் பட்டியலில் இருக்கிறது, தெரியாமல் கொண்டுவந்தேன் என்று விளக்கிக்கொண்டு நிற்க வேண்டிவரும். ஹான்ஸ், குட்கா, மின்சிகரெட், சூயிங்கம் எதுவும் கூடாது. சிகரெட்டுக்கு ஒரு பாக்கெட் கூட வரிவிலக்கு இல்லை. தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து மாதிரியானவற்றுக்கு முன்னனுமதி தேவைப்படலாம், டாக்டர் சீட்டோடு முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

குடும்பத்தை அழைத்து வர நினைப்பவர்களுக்கு: மனைவி அல்லது கணவர், பிள்ளைகளுக்கு டிபெண்டண்ட் பாஸ் எடுக்க உங்கள் நிரந்தர மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி இருக்க வேண்டும், அப்பா அம்மாவை நீண்டகாலத்துக்கு வைத்துக்கொள்ள 12,000. (வெள்ளி என்றால் இங்கே டாலர்.) டிபெண்டண்ட் பாஸில் வந்தவர் அதை வைத்துக்கொண்டே வேலைக்குப் போகலாம் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள், 2021 மே மாதத்தோடு அது பெரும்பாலும் முடிந்த கதை. இப்போது அவருக்கும் தனியாக வேலை அனுமதி எடுக்க வேண்டும். அந்தப் பழைய பேச்சை நம்பி ஊரில் நல்ல வேலையை விட்டுவிட்டு வந்து மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்களை இங்கே நிறையப் பார்க்கலாம்.

இனி வீடு. நிறையப் பேர் அடிபடுவது இதில்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

தனியாள் என்றால் வீவக (அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடியில் ஓர் அறை எடுப்பதுதான் வழக்கம், வட்டாரத்தைப் பொறுத்து 800 முதல் 1,200 வெள்ளி வரை ஆகும். தேக்கா பக்கமே இருக்க வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள், வாடகையும் கூட, இடமும் நெரிசல். செங்காங், பொங்கோலில் இருந்து வடகிழக்குப் பாதையில் நேராக லிட்டில் இந்தியா வந்துவிடலாம், தெம்பனிஸில் இருந்து டௌன்டவுன் பாதையில் அதே மாதிரி. அலுவலகம் எந்தப் பாதையில் இருக்கிறதோ அந்தப் பாதையில் வீடு பாருங்கள். நடுவில் ஒரு ரயில் மாறினாலும் பரவாயில்லை, இரண்டு மாறினால் ஒரே மாதத்தில் அலுத்துவிடும்.

வீவக வீட்டை ஆறு மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக் கூடாது, தனியார் வீடு என்றால் மூன்று மாதம். "ரெண்டு மாசம் இருந்து பாருங்க" என்று ஒருவர் சொன்னால் அவர் கணக்கில் காட்டாமல் விடுகிறார் என்று அர்த்தம், சோதனை வந்தால் தெருவில் நிற்கப்போவது நீங்கள். வீட்டுக்காரரிடம் வீவக அனுமதிக் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், அதில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். முழு வீடு எடுக்கிறீர்கள் என்றால் இன்னொரு சங்கதி உண்டு: வெளிநாட்டவருக்கு (மலேசியர்கள் தவிர) பேட்டைக்கு 8 விழுக்காடு, புளோக்குக்கு 11 விழுக்காடு என்று ஒதுக்கீடு இருக்கிறது. அது நிரம்பிவிட்டால் வீட்டுக்காரருக்கு உங்களை எவ்வளவு பிடித்திருந்தாலும் கொடுக்க முடியாது. "இந்தியர்களுக்கு இல்லை" என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அது ஒதுக்கீடு அல்ல, வெறும் மனசு. அடுத்த வீட்டைப் பாருங்கள்.

வீட்டு ஏஜென்ட் என்றால் ஆர் எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்கும், வீட்டு ஏஜென்ட்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான சிஇஏவின் இணையத்தளத்தில் தட்டினால் பெயர், படம், தொலைபேசி எண் வரும். உங்களுக்கு வாட்ஸ்அப் அனுப்பியவரின் எண் அதே எண்தானா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். அறையைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள், வீவக வாடகைப் பணத்தை ஏஜென்ட் கையால் தொடவே கூடாது என்பது விதி, நேராக வீட்டுக்காரர் கணக்குக்குத்தான் போக வேண்டும். ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாத முன்பணம், ஈராண்டுக்கு இரண்டு மாதம் என்பது நடைமுறை. ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டியாக வேண்டும். மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, அதாவது மாதம் 1,000 வெள்ளி அறைக்கு ஆண்டுக்கு 48 வெள்ளி. இந்தக் காசை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள், முத்திரை வரி கட்டாத ஒப்பந்தம் நாளைக்கு வழக்கு என்று வந்தால் ஆதாரமாகச் செல்லாது.

சாவி வாங்கிய அன்றே, பெட்டியைப் பிரிப்பதற்கு முன், கைப்பேசியில் எல்லாவற்றையும் படம் எடுங்கள்: மெத்தையில் ஏற்கெனவே உள்ள கறை, அலமாரிக் கீறல், குளியலறைக் கண்ணாடியின் ஓரத்துத் துரு, ஏர்கானில் சொட்டும் தண்ணீர். எடுத்த படங்களை அன்றைக்கே வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள், தேதியோடு பதிவாகிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏர்கான் சர்வீஸ் வாடகைக்காரர் செலவு என்றுதான் பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும், ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள், காலி செய்யும்போது கேட்பார்கள். ஈராண்டு ஒப்பந்தம் போடுகிறவர்கள் 'டிப்ளமேட்டிக் கிளாஸ்' இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திடுங்கள். வேலை போய் நாட்டை விட்டுக் கிளம்ப நேர்ந்தால் மிச்ச மாத வாடகையிலிருந்து உங்களைக் காப்பாற்றுவது அந்த ஒரு பத்திதான்.

சமையல் விஷயத்தை மட்டும் வெட்டவெளிச்சமாகப் பேசிவிடுங்கள். விளம்பரத்தில் 'லைட் குக்கிங்' என்று போட்டிருந்தால் அவர்கள் மனதில் இருப்பது முட்டையும் நூடுல்ஸும். கடுகு தாளிக்கலாமா, மீன் பொரிக்கலாமா, ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு வைக்கலாமா என்று பச்சையாகவே கேளுங்கள். 2011இல் பக்கத்து வீட்டுக் கறி வாசனையைப் பற்றி ஒரு குடும்பம் புகார் சொன்ன செய்தி வெளியாகி, அதற்குப் பதிலாக ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று நாடு முழுக்கக் கறி சமைத்தார்கள். பெருமையான விஷயம். ஆனால் வாடகை அறையில் இருக்கும் உங்களுக்கு அது ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் உதவும்.

பணத்தில், ஊரில் இருந்து வருகிறவர்களுக்குப் பிடிபடாதது வருமான வரி. இங்கே மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்க மாட்டார்கள். முழுச் சம்பளமும் கைக்கு வரும், செலவும் அதற்கேற்ப ஏறும், அடுத்த ஆண்டு மொத்தமாகப் பில் வரும். ஏப்ரல் 18க்குள் கணக்குக் கொடுக்க வேண்டும். மாதம் 6,000 வெள்ளி வாங்கும் தனியாளுக்கு ஆண்டுக்குச் சுமார் 2,700 வெள்ளி வரி வரும், ஜைரோ (வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் ஏற்பாடு) போட்டால் வட்டியில்லாமல் 12 தவணையாகக் கட்டலாம். வரி குறைவுதான், ஆனாலும் மாதம் 250 வெள்ளியைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். வேலையை விட்டு ஊருக்குத் திரும்பும்போது வரிக் கணக்கு முடியும்வரை கடைசிச் சம்பளத்தை நிறுவனம் நிறுத்தி வைக்கும். அது உங்கள் மேல் கோபம் இல்லை, சட்டம் அப்படி. கடைசி மாதச் செலவுக்குக் கையில் காசு வைத்துக்கொண்டு ராஜினாமாக் கடிதம் கொடுங்கள். ஊருக்குப் பணம் அனுப்ப 2023 பிப்ரவரியிலிருந்து இங்கத்து உடனடிப் பணப்பரிமாற்றமான பேநவ்வையும் நம்ம ஊர் யுபிஐயையும் இணைத்திருக்கிறார்கள், சிறு தொகைக்கு வசதி. பெரிய தொகைக்குத் தேக்காவில் பணம் அனுப்பும் கடைகள் இரண்டு மூன்றில் விலை கேட்டு அனுப்புவதுதான் இன்னும் லாபம்.

பேருந்து, ரயிலுக்குத் தனி அட்டை வேண்டாம், இங்கத்து வங்கி அட்டையையே தட்டலாம். பேருந்தில் இறங்கும்போது தட்ட மறந்தால் கடைசி நிறுத்தம் வரைக்கும் கட்டணம் போய்விடும். ரயிலில் தண்ணீர் குடிப்பது கூட அபராதத்துக்குரியது. கார் ஆசையை விட்டுவிடுங்கள், பத்தாண்டு உரிமைக்கான சிஓஇ மட்டுமே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டிய காலம் இது.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை. உணவங்காடியில் மேசை மேல் டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அந்த இடம் ஆள் பிடித்தாயிற்று என்று அர்த்தம், எடுத்துத் தூரப் போட்டுவிட்டு உட்காராதீர்கள். சாப்பிட்ட தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும், 2021 முதல் கட்டாயம். டீ கேட்டால் கெட்டிப்பால் ஊற்றித் தித்திப்பாக வரும். நம்ம ஊர் ருசிக்குக் கொஞ்சமாவது நெருங்க வேண்டுமென்றால் 'தே சி சியூ தாய்' என்று கேளுங்கள், கெட்டிப்பாலுக்குப் பதில் ஆவிப்பாலும் குறைந்த சர்க்கரையுமாகத் தருவார்கள். சர்க்கரையே வேண்டாம் என்றால் 'தே சி கோசோங்'. சைவக்காரர்கள் சீனச் சைவக் கடைகளைத் தைரியமாக முயன்று பார்க்கலாம், பெரும்பாலானவற்றில் வெங்காயம் பூண்டு கூட இருக்காது.

தேக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை மாலை போகாதீர்கள் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆறு நாள் உழைத்த தொழிலாளிகள் நண்பர்களைப் பார்க்கும் ஒரே நாள் அது, அந்த இடம் அவர்களுடையது. காய்கறி வாங்க வேண்டுமென்றால் வாரநாளில் போய்க்கொள்ளுங்கள். 2013 கலவரத்துக்குப் பிறகு வந்த சட்டப்படி லிட்டில் இந்தியாவில் சனிக்கிழமை காலை 7 மணி முதல் திங்கள் காலை 7 மணி வரை பொது இடத்தில் மது அருந்தக் கூடாது, மற்ற பெரும்பாலான வட்டாரங்களில் இரவு 10:30க்கு மேல் கூடாது. இன்னொன்று, ஊர் அரசியலை இங்கே தெருவுக்குக் கொண்டுவராதீர்கள். தலைவர் படத்தை வைத்துக்கொண்டு நாலு பேர் அனுமதியில்லாமல் கூடினாலே சிக்கல், வேலை அனுமதியே போய்விடும்.

உடம்புக்கு முடியவில்லை என்றால் நிறுவனக் காப்பீட்டில் எந்தக் கிளினிக் இருக்கிறது என்று முதல் நாளே மனிதவளப் பிரிவில் கேட்டு வையுங்கள். எஸ் பாஸ் (நடுத்தரத் திறன் வேலைக்கானது), ஒர்க் பெர்மிட் (தொழிலாளிகளுக்கானது) வைத்திருப்பவர்களுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு மருத்துவக் காப்பீடு எடுப்பது முதலாளியின் கடமை. இபி, அதாவது உயர் சம்பள வேலைக்கான எம்ப்ளாய்மெண்ட் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு அப்படிக் கட்டாயமில்லை, ஆகவே கடிதத்தைப் படித்துவிட்டுக் குறைவாக இருந்தால் சொந்தமாக எடுங்கள். பலதுறை மருந்தகத்தில் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உள்ள சலுகை உங்களுக்குக் கிடையாது. அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் 995, போலீஸ் 999.

பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்க்க நினைத்தால் இடையில் வருகிறவர்களுக்கு ஏஇஐஎஸ் என்ற வெளிநாட்டு மாணவர் நுழைவுத் தேர்வு இருக்கிறது, தேறினாலும் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியே கிடைக்கும் என்று சொல்ல முடியாது, கட்டணமும் குடிமக்களுடையதைவிடப் பல மடங்கு. இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளையும் சேர்த்தே விசாரியுங்கள். அரசுப் பள்ளியில் இடம் கிடைத்தால் தாய்மொழிப் பாடமாகத் தமிழ் எடுக்கலாம், ஊர் ஆங்கிலப் பள்ளியில் படித்த பிள்ளைகள் இங்கே வந்து தமிழ் எழுதக் கற்றுக்கொள்வதும் நடக்கிறது. வட்டார நூலகங்களில் தமிழ்ப் புத்தக அடுக்கு உண்டு, வேலை அனுமதியில் இருப்பவர்கள் ஆண்டுக் கட்டணம் கட்டி உறுப்பினராகலாம், கட்டாமலே உட்கார்ந்து படிக்கவும் செய்யலாம். ஏப்ரல் முழுக்கத் தமிழ்மொழி விழா நடக்கும், பட்டிமன்றத்திலிருந்து சிறுகதைப் பட்டறை வரை பெரும்பாலும் அனுமதி இலவசம். 1935இலிருந்து வரும் தமிழ் முரசில் நிகழ்ச்சி விவரம் வந்துவிடும், வந்து சேர்ந்தவுடனேயே அதைப் படிக்க ஆரம்பித்துவிடுங்கள், ஏனென்றால் வாடகை விதியோ வேலை அனுமதிச் சம்பள வரம்போ மாறினால் அதைத் தமிழில் முதலில் பார்க்கப்போவது அதில்தான்.