குச்சியும் ரப்பர் பேண்டும் போதும்: கணக்கு சொல்லித்தரப் போகும் தன்னார்வலர்களுக்கு

உங்கள் நிறுவனத்திலிருந்து குழுவாக ஒரு தொடக்கப் பள்ளிக்குப் போகிறீர்கள். கணக்கு சொல்லித்தர ஒரு மணி நேரம் கிடைத்திருக்கிறது. ஐந்தாறு விளையாட்டுகளை அள்ளிக்கொண்டு போகத் தோன்றும். வேண்டாம், ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பிள்ளைகள் தங்கள் கையாலேயே செய்து பார்க்கட்டும். ஏழெட்டு வயதில் பலரும் தடுமாறுவது கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கில்தான். அதையே இங்கே பார்ப்போம்.

1. ஆசிரியரிடம் பேசுங்கள்

எந்தப் பாடம் நடக்கிறது, கணக்கை எந்த முறையில் எழுத வைக்கிறார் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நாம் படித்த காலத்துக் குறுக்குவழியைச் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினால், அந்தக் குழப்பத்தை அவர்தான் சரிசெய்ய வேண்டியிருக்கும். பள்ளியும் பெற்றோரும் சம்மதிக்காமல் பிள்ளைகளைப் படம் எடுக்காதீர்கள்.

2. தேவையான பொருட்கள்

இரண்டு பிள்ளைகளுக்கு 60 ஐஸ் குச்சிகள், 6 ரப்பர் பேண்டுகள், நடுவில் கோடு போட்ட ஒரு பெரிய தாள். தாளின் இடப்பக்கம் ‘பத்துகள்’, வலப்பக்கம் ‘ஒன்றுகள்’ என்று எழுதுங்கள். ஒரு தன்னார்வலருக்கு நான்கு பிள்ளைகள் போதும்.

3. கட்டுகளை அவர்களே கட்டட்டும்

நேரம் மிச்சமாகும் என்று வீட்டிலேயே கட்டி எடுத்துப்போகாதீர்கள். பத்துக் குச்சிகளை எண்ணி, ரப்பர் பேண்டை இரண்டு சுற்று சுற்றிக் கட்டிய பிள்ளைக்குத்தான் அந்தக் கட்டுக்குள் பத்து ‘ஒன்று’ இருப்பது உறைக்கும். நீங்கள் கட்டிக்கொடுத்தால் அது வெறும் தடித்த குச்சி. ஒரு கட்டில் ஒன்பது இருக்கும், இன்னொன்றில் பதினொன்று. திருத்தாதீர்கள், பக்கத்தில் இருப்பவரை அவிழ்த்து எண்ணச் சொல்லுங்கள். பத்து நிமிடம் போனாலும் பரவாயில்லை.

4. 42-லிருந்து 17-ஐ எடுப்போம்

தாளில் நான்கு கட்டுகளும் இரண்டு உதிரிக் குச்சிகளும் வைக்கச் சொல்லுங்கள். “இதிலிருந்து பதினேழு குச்சி எனக்கு வேணும், முதல்ல ஏழு உதிரி கொடுங்க” என்று கேளுங்கள். இரண்டுதான் இருக்கிறது. இந்த இடத்தில் வாயைத் திறக்காதீர்கள், கையையும் நீட்டாதீர்கள். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் ஒரு கட்டை எடுத்து, “இதை அவிழ்க்கலாமா?” என்று கேட்பார். பாடம் முழுவதும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. அவிழ்த்ததும் உதிரி 12 ஆகிவிடும். அதில் ஏழு போனால் ஐந்து. மிச்சமுள்ள மூன்று கட்டுகளில் ஒன்று போனால் இரண்டு. விடை 25.

சிலர் 35 என்று எழுதியிருப்பார்கள். மேலே 2, கீழே 7 என்றதும், பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துவிடுவார்கள். மிக வழக்கமான தவறு இது. தப்பு என்று சொல்லாமல், 35 குச்சிகளோடு 17 குச்சிகளைச் சேர்த்து எண்ணச் சொல்லுங்கள். 52 வரும். நாம் தொடங்கியதே 42 குச்சிகளோடுதானே என்பது தானாகவே பிடிபடும்.

கேள்வி கேட்டதும் பதிலுக்காகக் காத்திருப்பது சுலபமில்லை. 1970-களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறைகளைக் கவனித்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் பொறுத்திருந்தார்கள். மூன்று நொடி காத்திருந்தபோது பதில்கள் நீளமாகவும் யோசித்தவையாகவும் வந்தன. மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். சரியான விடை வந்தாலும் “எப்படிக் கண்டுபிடிச்ச?” என்று கேளுங்கள்.

5. படம், அப்புறம் எண்

குச்சியிலிருந்து நேரே நோட்டுக்குத் தாவாதீர்கள். கையால் செய்வது, படமாகப் பார்ப்பது, குறியீடாக எழுதுவது என்ற மூன்று நிலைகளை உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960-களில் விளக்கினார். இங்கே கட்டுக்கு ஒரு நீளக் கோடு, உதிரிக்கு ஒரு புள்ளி. அவிழ்த்த கட்டின் கோட்டை அடித்துவிட்டுப் பத்துப் புள்ளி வைக்கட்டும். அதன் பிறகு, ஆசிரியர் சொன்ன முறையில் எண்ணாக எழுதட்டும். எழுதும்போது திணறினால் மறுபடி குச்சிக்கே போகலாம்.

6. கிளம்பும் முன்

குச்சிகளை வகுப்பிலேயே விட்டுவிடுங்கள். யார் எந்த இடத்தில் நின்றுபோனார், யாருக்குக் கட்டை அவிழ்க்கும் யோசனை தானாகவே வந்தது என்பதை ஒரு தாளில் குறித்து ஆசிரியரிடம் கொடுங்கள். மறுநாள் வகுப்பை எங்கிருந்து தொடங்குவது என்று முடிவெடுக்க அது அவருக்கு உதவும்.