ஒரே சுவருக்கு மூன்று பாலிசி

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்திலுள்ள மண்டபம் ஊரில் எங்கள் கட்டடத்தில் எட்டு வீடுகள். என்னுடையது கீழ்த்தளம். 2024 நவம்பர் 20-ல் ராமேஸ்வரத்தில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதே, அன்று எங்கள் கூடத்தில் முழங்கால் அளவு தண்ணீர். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில், மெத்தை எல்லாம் போயின. கையில் மூன்று இன்சூரன்ஸ் பாலிசி இருந்தன: வீட்டுக்கடனோடு வந்தது, கட்டடத்து வீட்டுக்காரர்கள் அசோசியேஷன் எடுத்தது, பயந்துபோய் நானே எடுத்தது. மூன்றும் கட்டடத்துக்கு மட்டும். ஃப்ரிட்ஜுக்கு ஒரு ரூபாய் வரவில்லை. இன்னொரு வீட்டில் இப்படி நடக்கக் கூடாது.

ஐப்பசி பிறக்கும் முன்பே உட்காருங்கள். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிய பிறகு ஓடிப் பயனில்லை. பாலிசிகளைத் தரையில் பரப்பி, யார் பெயரில், எந்தத் தேதிவரை, கட்டடத்துக்கா பொருளுக்கா, எவ்வளவு தொகை என்று பென்சிலால் வட்டமிடுங்கள். கடனோடு வந்ததை ஊன்றிப் படியுங்கள். சிலருக்கு அது கடனுக்கான ஆயுள் காப்பீடாக இருக்கும், வெள்ளத்துக்கு உதவாது. அசோசியேஷன் பாலிசி படிக்கட்டு, பம்பு மோட்டார், மீட்டர் போர்டோடு நிற்கிறதா, உங்கள் வீட்டுச் சுவர், வயரிங், டைல்ஸ் வரை வருகிறதா என்று செயலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். எங்களுடையதில் சுவரும் அடக்கம். அது தெரியாமல் அதே சுவருக்கு நான் தனியாகப் பிரீமியம் கட்டியிருக்கிறேன்.

சேதம் 2 லட்சம் என்றால் மூன்று பாலிசியும் சேர்ந்து தருவது 2 லட்சம்தான். அதற்கு மேல் கிடையாது. ஒன்றில் கேட்டுப் பணம் போதவில்லை என்றால் மீதியை அடுத்ததில் கேட்கலாம். மற்ற பாலிசிகளை மறைக்காதீர்கள்.

2021 ஏப்ரலிலிருந்து பாரத் கிருஹ ரக்ஷா என்ற பொதுவான வீட்டுப் பாலிசி இருக்கிறது. வெள்ளம், புயல், சுனாமி எல்லாம் அதில் உண்டு. கட்டடமும் பொருளும் சேர்த்து எடுத்தால் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம், பொருளுக்குத் தானாகவே வரும். பொருளுக்கு மட்டும்கூட எடுக்கலாம். அசோசியேஷன் பாலிசி உங்கள் சுவரைத் தாங்கினால் இதுவே போதும் என்பது என் முடிவு. கட்டடத்துக்கும் எடுப்பவர்கள் விற்பனை விலையைப் போடாதீர்கள். கார்பெட் ஏரியாவை, அதாவது வீட்டுக்குள் புழங்கும் தரைப் பரப்பை, சதுர அடிக்கான கட்டுமானச் செலவால் பெருக்குவதுதான் கணக்கு. மனை விலை சேராது.

“மாடிக்குத் தண்ணி வராதேம்மா, எனக்கெதுக்கு?” என்று மேல்வீட்டு லாத்தா கேட்டார். “மோட்டாரும் மீட்டர் போர்டும் கீழேதானே இருக்கு லாத்தா, அது போனா செலவுல உங்களுக்கும் பங்கு உண்டே” என்றேன்.

தண்ணீர் வடிந்ததும் கழுவத் தொடங்காதீர்கள். முதலில் சுவரில் நீர் ஏறிய கோட்டைப் படமெடுங்கள். சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயர் பார்க்கும்வரை எதையும் காயலான் கடைக்குப் போடாதீர்கள். மெத்தை நாறினாலும் வெளியே வைத்துப் பொறுத்திருங்கள். உடனே தகவல் சொல்லி, 30 நாளுக்குள் கிளெய்ம் படிவத்தைக் கொடுத்துவிடுங்கள். கம்பெனிக்கு எழுதியும் நியாயம் கிடைக்காவிட்டால் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும், சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

இந்த வருடம் என் தனிக் கட்டடப் பாலிசியைப் புதுப்பிக்கவில்லை. பொருளுக்கு மட்டும் எடுத்திருக்கிறேன். பில்களின் படங்கள் மதுரையில் இருக்கும் மகள் போனிலும் இருக்கின்றன.