கடல் கடந்த குடும்பப் பெயரைத் தேடும் முறை

ஒரே குடும்பப் பெயர் கொண்டவர்கள் அனைவரும் உறவினர் அல்லர். ஆகவே பெயரை மட்டும் நம்பி வெளிநாட்டுப் பதிவேடுகளில் இறங்குவதற்கு முன், புறப்பட்டுச் சென்றவரின் பிறந்த ஆண்டு, ஊர், பெற்றோர் பெயர், உடன் சென்றவர்கள் ஆகிய விவரங்களை வீட்டு முதியவர்களிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழைய கடித உறையிலுள்ள அஞ்சல் முத்திரையே சில வேளைகளில் ஊரையும் ஆண்டையும் காட்டிக் கொடுத்துவிடும்.

அடுத்துப் பார்க்க வேண்டியவை கப்பல் பயணிகள் பட்டியல்கள். ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகப் பட்டியல்கள் 1850 முதல் 1934 வரை உள்ளன. நியூயார்க்கின் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் 1892 முதல் 1954 வரை இயங்கியது. அங்கிருந்த அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டதாகப் பல குடும்பங்களில் சொல்வார்கள். உண்மையில், கப்பல் நிறுவனம் முன்பே எழுதிக் கொடுத்த பட்டியலைத்தான் அவர்கள் சரிபார்த்தார்கள். பெயரைப் பெரும்பாலும் குடியேறியவர்களே பின்னாளில் மாற்றிக்கொண்டார்கள். எனவே குடியுரிமை விண்ணப்பங்களையும் அவசியம் பாருங்கள்.

எழுத்து மாறினாலும் ஒலி முழுவதும் மறைவதில்லை. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அட்டவணைகளுக்குப் பயன்பட்ட, ஒலி ஒத்த பெயர்களுக்கு ஒரே குறியீடு தரும் சவுண்டெக்ஸ் முறையில், ஷ்மிட், ஸ்மித் ஆகிய இரு பெயர்களுக்கும் எஸ்530 என்ற ஒரே குறியீடுதான். தேடும்போது பெயரின் எல்லா எழுத்து வடிவங்களையும் முயன்று பாருங்கள்.

தந்தைவழிப் பெயரானால், தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் ஒய் குரோமோசோமை ஒப்பிடும் மரபணுச் சோதனை துணைபுரியும். இன்று வாழும் ஒருவரைக் கண்டடைந்தால், முதல் கடிதத்தைச் சுருக்கமாக எழுதி, பதில் தருவதை அவர் விருப்பத்திற்கே விட்டுவிடுங்கள்.