முதல் வீடு: முழுப் பணமா, லோனா?

கையில் 65 லட்சம் இருக்கிறது. சென்னைப் புறநகரில் மறுவிற்பனைக்கு வந்த ஃபிளாட் 60 லட்சம். லோன் தொல்லையே வேண்டாம் என்று கிளம்பும் முன் பத்திரச் செலவைக் கூட்டிப் பாருங்கள். தமிழ்நாட்டில் முத்திரைக் கட்டணம் 7%, பதிவுக் கட்டணம் 2%. முழு விலைக்கும் பத்திரம் போட்டால் 5.40 லட்சம். பதிவு முடியும்போதே 40,000 துண்டு விழும். கபோர்டு, கிரில், பெயின்ட் எல்லாம் அதற்கப்புறம்.

கணக்கை மட்டும் பார்த்தால் முழுப் பணம்தான் லாபம். 8.5% வட்டிக்கு லோன் வாங்கிவிட்டு 7% டெபாசிட்டில் பணம் வைத்தால், வரி போக மிஞ்சுவது இன்னும் குறைவு. 'வரி மிச்சம்' என்ற பேச்சையும் நம்பி இறங்க வேண்டாம். நீங்களே குடியிருக்கும் வீட்டின் வட்டிக்குப் புதிய வரி முறையில் கழிவு கிடையாது. பழைய முறையில்தான் ஆண்டுக்கு 2 லட்சம் வரை.

ஆனால் கையைத் துடைத்துவிட்டு வாங்கினால் அடுத்த ஆஸ்பத்திரி செலவுக்குப் பர்சனல் லோன்தான். வீட்டை அடமானம் வைத்தாலும் வீட்டுக் கடனின் வட்டிக்குக் கிடைக்காது. அதனால் இந்தக் கணக்கில் எங்கள் கை 20 லட்சம் லோன் பக்கமே சாயும். கைக்காசு 45.40 லட்சம் போக 19 லட்சத்துச் சொச்சம் நிற்கும். அதில் ஒரு வருடக் குடும்பச் செலவைத் தொடக்கூடாது.

20 லட்சம், 8.5%, 20 வருடம் என்றால் இஎம்ஐ சுமார் 17,356. முதல் மாதம் வட்டிக்கே 14,167 போய்விடும், அசலில் கழிவது 3,189தான். முன்கூட்டிக் கட்டுவதை ஆரம்பத்திலேயே செய்யச் சொல்வது இதனால்தான். முதல் வருட முடிவில் 3 லட்சம் கட்டினால் ஏறத்தாழ ஐந்தரை வருடம் குறையும். கட்டும்போது 'இஎம்ஐ அப்படியே இருக்கட்டும், தவணைக் காலத்தைக் குறையுங்கள்' என்று எழுதிக் கொடுங்கள். மாறும் வட்டி லோனுக்கு இதற்கு அபராதம் கிடையாது.

பேங்க் உள்ளே வந்தால் அதன் வக்கீல் தாய்ப்பத்திரம் (சொத்தின் முந்தைய பத்திரம்), வில்லங்கம், பிளான் அப்ரூவல் எல்லாவற்றையும் புரட்டுவார். முழுப் பணம் கொடுப்பவருக்கு அந்த வடிகட்டி இல்லை. 30 வருட வில்லங்கச் சான்றோடு (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியல்) தனி வக்கீலிடம் கருத்து வாங்குங்கள். யுடிஎஸ் (பிரிக்கப்படாத நிலத்தில் உங்கள் பங்கு) எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

'பாதி வெள்ளை, பாதி கறுப்பு' என்று விற்பவர் கேட்டால் மறுத்துவிடுங்கள். வீட்டு விற்பனையில் 20,000 அல்லது அதற்கு மேல் நோட்டாக வாங்குவதே சட்ட மீறல். உங்களுக்கும் நஷ்டம்: பின்னால் விற்கும்போது அந்தப் பணம் வாங்கிய விலையில் சேராது, லாப வரி கூடும்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் விற்பவருக்குத் தரும் பணத்திலிருந்து 1% டிடிஎஸ் (முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி) பிடித்துக் கட்டுவது வாங்குபவர் பொறுப்பு; இங்கே 60,000. பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டுவாழ் இந்தியர் என்றால் விகிதமே வேறு, ஆடிட்டரைக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

லோன் முடிந்ததும் அசல் பத்திரத்தை பேங்க் 30 நாளுக்குள் தர வேண்டும். தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குச் சேரும். பத்திரம் வந்ததோடு விட்டுவிடாமல், சார்பதிவாளர் அலுவலகத்தில் கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணம் பதிந்து, புது வில்லங்கச் சான்று போட்டு அடமானம் நீங்கிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.