கடைப் பெயரைவிட நீள்வட்ட முத்திரை முக்கியம்

பிரிட்டனில் பால், சீஸ், வெண்ணெய், இறைச்சி வாங்கும்போது, பாக்கெட்டில் சின்னதாக அச்சிட்டிருக்கும் நீள்வட்ட முத்திரையைப் பாருங்கள். ‘ஜிபி’ அல்லது ‘யூகே’ என்ற எழுத்துகளோடு ஓர் எண் இருக்கும். விலை அதிகமான கடையான வெயிட்ரோஸின் பாக்கெட்டிலும் மலிவு விலைக் கடையான ஆல்டியின் பாக்கெட்டிலும் அதே எண் என்றால், இரண்டும் ஒரே ஆலையிலிருந்து வந்தவை.

அந்த எண் கடைக்கு உரியது அல்ல, ஆலைக்குத் தரப்படும் அனுமதி எண். கடைகள் தங்கள் பெயரில் விற்கும் பொருள்களில் பலவற்றை வேறு ஆலைகள்தான் செய்து கொடுக்கின்றன. வெயிட்ரோஸ் பை வசதியானவர்களின் அடையாளம், 1990இல் வந்த ஆல்டியும் 1994இல் வந்த லிடிலும் ஏழைகளின் கடை என்ற எண்ணம் அங்கே இன்னும் முழுசாகப் போகவில்லை. விருந்தாளி என்ன நினைப்பாரோ என்று பயந்து அதிக விலை கொடுக்கும் குடும்பங்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. புதிதாகக் குடியேறியவர்களுக்கு இந்தப் பயம் இன்னும் அதிகம்.

ஆனால் ஒரே ஆலை என்பதால் ஒரே செய்முறை என்று ஆகிவிடாது. சேர்மானப் பட்டியல், கொழுப்பின் அளவு, சீஸ் என்றால் எத்தனை மாதம் பழுக்கவைத்தது என்பதையும் ஒப்பிடுங்கள். சில பொருள்களில் அந்த எண் பாக்கெட் போட்ட இடத்தை மட்டுமே குறிக்கும். ரொட்டி, பிஸ்கட், அரிசி, தேயிலைக்கு இந்த முத்திரையே கிடையாது. அப்புறம், பாராசிட்டமால் போன்ற மாத்திரைக்கு ‘பிஎல்’ என்று தொடங்கும் உரிம எண்ணை ஒப்பிடுங்கள். எண் முழுவதும் ஒன்றாக இருந்தால் மருந்தும் ஒன்றே.